பள்ளியிறுதியிலிருந்து கல்லூரி வாயில் வரை

(கழகத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரைப்பது மரபு. கழகத்தின் இருபத்தைந்தாண்டுப் பணியை நமக்கு முன் பேசியவர்கள் விரிவாகவும் அழகாகவும் எடுத்துரைத்துவிட்டார்கள். அவர்கள் கூற்றோடு நம் வாழ்த்தையும் சேர்த்துக்கொண்டு, நமக்குக் குறித்தளிக்கப்பட்ட பொருளுக்கு வருகின்றோம். பன்னிரண்டாம் வகுப்பை எட்டிய நம் பிள்ளைகளை மேற்படிப்பிற்கு எங்ஙனம் ஆயத்தம் செய்வது என்பதே அப்பொருள்.

‘ஆதி’ என்னும் சொல் நம் பெயரின் முன்னே நிற்கின்றது. இம்மக்கள் இந்நாட்டின் பூர்வகுடிகள் என்று நிலைநாட்டவே அயோத்திதாசப் பண்டிதர் வாழ்நாளெல்லாம் எழுதினார். 1922ஆம் ஆண்டில் எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் சென்னை மாகாண அரசு ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை ஏற்றது. அரசு ஆவணத்தில் பெயர் மாறிய பின்னும் ஊரில் நிலை மாறவில்லை. அதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நாம் நிற்கும் இச்சீமையிலேயே அது கிடைக்கின்றது.

1930ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், அந்நாளைய இராமநாதபுரம் சீமையில் நிலமும் ஆளும் தம் கையில் வைத்திருந்தோர், ஒடுக்கப்பட்ட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். 1931 ஜூனில் அத்தடைகள் பதினொன்றாயின. எதை உடுத்தலாம், எதை அணியலாம் என்பவற்றோடு அவை நிற்கவில்லை. இம்மக்களின் பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது, கல்வி கற்கலாகாது, மிராசுதார்களின் மாடுகளை மேய்ப்பதே அவர்களுக்கு உரிய வேலை என்பதும் அப்பதினொன்றனுள் அடங்கும். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் பாழாயிற்று, கால்நடைகள் கொள்ளை போயின. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராய் இருந்த ஜே.எச். ஹட்டன் என்பார், ‘இந்தியாவில் சாதி’ என்னும் தம் ஆங்கில நூலில் இத்தடைகளை ஒன்றுவிடாமல் பட்டியலிட்டுத் தந்துள்ளார். இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985 வரை இராமநாதபுரத்தோடுதான் இருந்தது என்பதை இளைஞர்கள் நினைவில் கொள்க. அன்று பத்து வயதில் மாடு மேய்த்தவரின் பேரப்பிள்ளைகள் நம்முள் பலர் இன்று ஆசிரியராகவும் அலுவலராகவும் இருக்கின்றோம். இரண்டே தலைமுறை!

இத்தகைய தடை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. கனடா நாட்டில் 1876இல் இயற்றப்பட்ட இந்தியர் சட்டத்தின்படி, அந்நாட்டுப் பூர்வகுடி ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலோ, வழக்குரைஞர் ஆனாலோ, பூர்வகுடி என்னும் சட்டத் தகுதியையே இழந்துவிடுவார். 1880இல் இவ்விதி தளர்த்தப்பட்டது. இங்கே ‘படிக்காதே’ என்றார்கள். அங்கே ‘படித்தால் உன் மக்களோடு இராதே’ என்றார்கள். இரண்டாவது தடை சட்டத்தில் இல்லாமலே நம்மிடையேயும் உலவுகின்றது என்பது நம் கருத்து. பட்டம் பெற்றபின் தெருவை மறந்த அன்பர்கள் சிலரை நாம் அனைவரும் அறிவோம். அது நிற்க.

உயர்கல்விக்கு நம் ஊரில் குறைவில்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்திற்காக அவர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்தார். 1948 ஜூலை 25ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1953 சனவரி 14ஆம் நாள் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்துவைத்தார். 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் எழுந்தது. பொறியியற் கல்லூரி, பலதொழில்நுட்பக் கல்லூரி, கல்வியியற் கல்லூரி, அண்மையில் சட்டக் கல்லூரி என இன்று காரைக்குடிக் கல்லூரிச் சாலையையும் அதன் சுற்றுப்புறத்தையும் கல்வி நகரம் என்றே சொல்லலாம். நம் தெருக்களிலிருந்து அவ்வளாகங்களுக்குக் கொத்தனாராகவும் சித்தாளாகவும் துப்புரவுப் பணியாளராகவும் நாள்தோறும் போய் வருகின்றவர்கள் பலர். மாணவராய்ப் புகுகின்றவர் தொகை ஆண்டுதோறும் கூடிவருகின்றது என்பது உண்மையே எனினும், போதாது.

நாடு முழுவதும் 2021-22ஆம் ஆண்டில் எடுத்த உயர்கல்விக் கணக்கின்படி, கல்லூரி வயதினருள் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4. பட்டியல் இனத்தவர்க்கு அது 25.9, பழங்குடியினர்க்கு 21.2. தமிழ்நாட்டின் மொத்த விகிதமோ 47. இந்த 47 என்னும் எண்ணைக் கண்டு நாம் மகிழ்ந்து நின்றுவிடுகின்றோம். சேர்க்கையை எண்ணும் இக்கணக்கு, சேர்ந்தபின் முதலாண்டிலேயே நின்றவர் எத்தனை பேர் என்பதைச் சொல்வதில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவரும் நாளில் நம் தெரு முனையில் பதாகை கட்டுகின்றோம். அப்பிள்ளை அடுத்த தீபாவளிக்குக் கல்லூரியில் இருக்கின்றதா, திருப்பூரிலோ சிங்கப்பூர் செல்லும் முகவரின் வாசலிலோ இருக்கின்றதா என்று கேட்பவர் சிலரே.

ஆயத்தம் என்பது பன்னிரண்டாம் வகுப்பில் தொடங்குவதன்று. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வருமுன், பள்ளியிறுதிக்குப் பின் புகுமுக வகுப்பிற்கே கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்கு வந்தமையால் கிராமத்துப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், ஊருக்கு அருகிலேயே இன்னும் ஈராண்டு படிக்க முடிந்தது. அது பெரிய நன்மை. ஆயினும் அதனோடு ஒரு சுமையும் வந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை, பதினோராம் வகுப்பில் எப்பிரிவில் சேர்வது என்று ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டியதாயிற்று. கணிதம் இல்லாப் பிரிவில் சேர்ந்தவர்க்குப் பெரும்பாலான பொறியியற் படிப்புகளின் கதவு அன்றே மூடப்படுகின்றது. உயிரியல் இல்லாதவர்க்கு மருத்துவம் இல்லை. இதனைப் பெற்றோர்க்கு யார் சொல்கின்றார்கள்? ‘மதிப்பெண் குறைவு, எனவே இப்பிரிவு’ என்று பள்ளியில் சொன்னதைக் கேட்டுக் கையொப்பமிட்டுப் போகின்றார்கள். சொல்கின்றவர்கள் ஆசிரியர்களாகிய நாங்களே என்பதால், ஒன்றைத் திட்டமாய்க் கூறலாம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்து முடிவு வருவதற்கு இடைப்பட்ட அந்த வாரங்களே உயர்கல்வி ஆயத்தத்தின் முதற்பருவம். தாயையும் தந்தையையும் உடன் வைத்துக்கொண்டு, பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு, எந்தப் பிரிவு எந்த வாயிலுக்குக் கொண்டுபோய் விடும் என்று அப்போதுதான் விளக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு பலதொழில்நுட்பக் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டயம் பெற்று, பின் பொறியியற் பட்டப்படிப்பில் நேரே இரண்டாமாண்டில் சேரும் வழியும் உண்டு. கைத்திறன் மிக்க பிள்ளைகளுக்கு அது சிறந்த வழி. அதனை இரண்டாந்தரம் என்று கருதும் மனப்பான்மை நம்மிடையே இருப்பது வருந்தத்தக்கது.

அடுத்தது சான்றிதழ். இதனை அற்பச் செய்தி என்று நினைப்பவர்கள், ஜூன் மாதத்தில் ஒருநாள் வட்டாட்சியர் அலுவலக வாயிலில் நின்று பார்த்தால் போதும். மாற்றுச் சான்றிதழில் ஒரு பெயர், சாதிச் சான்றிதழில் வேறொரு பெயர், ஆதார் அட்டையில் தந்தை பெயரின் முதலெழுத்து மாறியிருக்கும். 2021இல் நாடாளுமன்றம் இயற்றிய திருத்தத்தின்படி ஏழு உட்பிரிவினர் தேவேந்திரகுல வேளாளர் என்னும் பெயரில் இணைக்கப்பட்டனர். அண்ணனுக்குப் பழைய பெயரிலும் தம்பிக்குப் புதிய பெயரிலும் சான்று இருக்கும் வீடுகள் உண்டு. கிறித்துவ சமயம் தழுவிய நம் உறவினர்களின் நிலை இன்னும் சிக்கலானது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் அவர்கள் பட்டியலில் இல்லை. மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோராய் வைக்கப்பட்டுள்ளனர். ஆயினும் கல்வி உதவித்தொகையில் மாநில அரசு அவர்களுக்கும் இடம் அளித்துள்ளது. இதனை அறியாமல் விண்ணப்பிக்காது விடுபவர்கள் இருக்கின்றார்கள்.

பழங்குடிப் பிள்ளைகளைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். பட்டியல் இனச் சான்றை வட்டாட்சியர் தருகின்றார். பழங்குடிச் சான்றை வருவாய்க் கோட்டாட்சியரே தர வேண்டும். விசாரணை, மறு விசாரணை என்று மாதங்கள் கழியும். காட்டுநாயக்கர் வகுப்புப் பிள்ளைகள் சான்று கிடைக்காமையாலேயே பள்ளியோடு நின்றதைத் தமிழ்நாடெங்கும் காண்கின்றோம். நரிக்குறவர், குருவிக்காரர் வகுப்பினர் பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பின், 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தின் வழியாகத்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். ஊசி மணி விற்கும் தாயின் பிள்ளைக்குக் கல்லூரி வாயில் இப்போதுதான் சட்டப்படி திறந்திருக்கின்றது. அப்பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்ல அவ்வகுப்பில் மூத்தவர் எவரும் பெரும்பாலும் இல்லை.

பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகின்றோம். பள்ளிக்குப் பிந்திய படிப்பிற்கான உதவித்தொகைத் திட்டம் 1944இல், அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கியது. எண்பதாண்டு கடந்தும் அதுவே நம் பிள்ளைகளுக்கு முதுகெலும்பாய் உள்ளது. இன்று பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டோர்க்கு அது கிட்டும். 2021 முதல் ஒன்றிய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் பகிர்ந்துகொள்ள, ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேராக வருகின்றது. இதில் நன்மையும் உண்டு, இடரும் உண்டு. கல்லூரி கட்டணத்தை ஜூனில் கேட்கும். பணமோ பல திங்கள் கழித்து வரும். வருகின்ற நாளில் வீட்டில் மருத்துவச் செலவோ, தங்கையின் சடங்கோ காத்திருக்கும். பணம் அங்கே போய்விடும். ஆண்டிறுதியில் கட்டணப் பாக்கி என்று தேர்வுச் சீட்டை நிறுத்திவைப்பார்கள். இதில் ஏழைப் பெற்றோரைக் குறை கூறுதல் தகாது. கட்டணத்திற்கு உரியது இவ்வளவு, செலவிற்கு உரியது இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கணக்கை உயிரோடு வைத்திருக்கச் செய்வது நம் கடமை.

மற்றோர் எச்சரிக்கை. தேர்வு முடிவு வந்த மறுநாளே நம் தெருக்களுக்கு முகவர்கள் வருகின்றார்கள். ‘ஒரு காசும் வேண்டாம், அரசே கட்டும்’ என்பார்கள். ஆத்தங்குடியில் தரையோடு வார்க்கும் தொழிலாளி ஒருவரின் மகன், நம் பள்ளி மாணவன், அவ்வாறு தொலைவிலுள்ள ஒரு தனியார் கல்லூரிக்கு அழைத்துச் செல்லப்பட்டான். அவனைச் சேர்த்தது நிர்வாக ஒதுக்கீட்டில். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்க்கு இவ்வுதவித்தொகை கிடையாது என்பது 2018 முதலே விதி. அவனுக்கு அது முதற்பருவம் முடிந்த பின்னரே தெரிந்தது. அசல் சான்றிதழ்கள் அவர்கள் பெட்டியில் இருந்தன. தாயின் தோட்டை அடகு வைத்துக் கட்டிய பின்பே அவை திரும்பின. அவன் இப்போது நம் ஊர் அரசுக் கல்லூரியில் ஓராண்டு பிந்திப் படிக்கின்றான். ஆகவே தாய்மார்களே, அசல் சான்றிதழ்களை எவரிடமும் கலந்தாய்வுக்கு முன் கொடுக்காதீர்கள். ‘அண்ணே, எந்த ஒதுக்கீட்டுல சேக்குறீங்க, எழுதிக் குடுங்க’ என்று கேளுங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்குபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அரசின் பிற வழிகளையும் அறிந்திருத்தல் நலம். 2007 முதல் பொறியியற் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் இல்லை. மருத்துவத்திற்கு 2017 முதல் நீட் தேர்வு நடைமுறைக்கு வந்தது. அரியலூர் மாவட்டத்து அனிதா 1200க்கு 1176 பெற்றும் அவ்வாண்டு இடமின்றி உயிர் துறந்ததை இம்மண் மறவாது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடும், 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளில் அதே அளவும் ஒதுக்கப்பட்டன. அவ்விடங்களில் சேர்வோரின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கின்றது. அரசுப் பள்ளியில் பயின்று மேற்படிப்பில் சேரும் மாணவியர்க்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்க்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் திங்கள்தோறும் ஆயிரம் ரூபாய் வழங்கப்படுகின்றது. அந்த ஆயிரம் ரூபாயால்தான் தேவகோட்டையிலிருந்தும் கல்லலிலிருந்தும் வரும் பெண் பிள்ளைகளின் பேருந்துச் செலவும் பகலுணவும் நடக்கின்றன. ‘கல்யாணம் பண்ணிடலாம்’ என்று சொல்லும் தந்தையிடம் ‘எனக்கு மாசம் பணம் வருதுப்பா’ என்று பெண் பதில் சொல்லும் துணிவும் அதனோடு வந்திருக்கின்றது. நம் பார்வையில் இந்தத் துணிவுதான் பெரிது.

சேர்ந்தாயிற்று. இனி என்ன? இங்கேதான் நம் கவனம் முழுதும் தேவைப்படுகின்றது. கல்லூரி திறந்து முதல் ஆறு வாரங்களில்தான் பிள்ளைகள் நின்றுபோகின்றார்கள் என்பதை நம் பள்ளியை விட்டுச் சென்றவர்களைத் தொடர்ந்து கேட்டறிந்ததில் கண்டுகொண்டோம். ஆதிதிராவிடர் நல விடுதிகள் என்று நெடுங்காலம் வழங்கிவந்தவற்றிற்கு 2025இல் சமூகநீதி விடுதிகள் என அரசு பெயர் சூட்டியது. பெயர் எதுவாயினும், விடுதிச் சேர்க்கை கல்லூரிச் சேர்க்கைக்குப் பின்னரே நடக்கின்றது. இடைப்பட்ட நாட்களில் சிங்கம்புணரிக்கு அப்பாலிருந்து வரும் மாணவன் எங்கே தங்குவான்? தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் நான்கு நாள், பின் பேருந்தில் போக்குவரத்து, பின் வாரத்தில் மூன்று நாள் மட்டும் கல்லூரி, பின் சமையல் வேலைக்கு ஆள் கூப்பிடுகின்றார்கள் என்று ஒரு கல்யாண வீடு. அத்தோடு சரி.

வகுப்பறையில் வேறொரு தொல்லை. தமிழ்வழியில் படித்த பிள்ளை முதல்நாள் ஆங்கிலப் பாடத்தில் ஒரு சொல்லும் விளங்காமல் உட்கார்ந்திருக்கும். தனக்கு அறிவு குறைவு என்றே அது எண்ணிக்கொள்ளும். மொழி விளங்கவில்லை என்பது வேறு, பாடம் விளங்கவில்லை என்பது வேறு என்று அதற்கு எவரேனும் சொல்ல வேண்டும். கோடை விடுமுறையில் நாற்பது நாள், அவரவர் பாடத்தின் முந்நூறு கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிப் பழகினால் முதற்பருவத்தின் பாதித் துன்பம் தீரும். தமிழ்வழியிலேயே பட்டம் பயில விரும்புவோரைத் தடுக்க வேண்டியதில்லை. அரசுப் பணியில் தமிழ்வழி பயின்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை 2010இல் வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் வகுப்பு முதலே தமிழ்வழியில் பயின்றிருக்க வேண்டும் என்பதை மட்டும் கருத்தில் வைக்க.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒன்று உண்டு. ‘எந்த ஊர்?’ என்று தொடங்கி, ‘ஊரில் எந்தத் தெரு?’ என்று முடியும் கேள்வி. நம் பிள்ளைகள் இக்கேள்வியைத் தனியாக எதிர்கொள்கின்றார்கள். 2016இல் ஐதராபாத்துப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோகித் வெமுலாவின் மரணம் நாட்டையே உலுக்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே கல்வி நிறுவனங்களில் சமத்துவம் காக்க விதிமுறை வகுத்திருந்தது. விதிமுறை காகிதத்தில் இருக்க, பிள்ளைக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும். கனடாவில் 1976இல் பூர்வகுடிகளே தொடங்கி இன்று பல்கலைக்கழகமாய் வளர்ந்துள்ள நிறுவனத்தில், குலப் பெரியோர்கள் வளாகத்திலேயே இருந்து மாணாக்கர்க்குத் துணை நிற்கின்றனர். பேராசிரியரிடம் சொல்ல இயலாததைப் பாட்டியிடம் சொல்லலாம் அல்லவா? நம் கழகத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், செவிலியர்கள் இருக்கின்றார்கள். முதலாண்டு மாணவர் ஐவர்க்கு ஒரு பெரியவர் என்று பொறுப்பேற்று, பதினைந்து நாளைக்கு ஒருமுறை கல்லூரிக்கே சென்று அப்பிள்ளைகளைப் பார்த்துவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றோம். அறிவுரை கூற வேண்டா. சாப்பிட்டாயா, பணம் வந்ததா, எத்தாள் கடினம் என்று கேட்டால் போதும்.

கழகத்திற்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இரண்டு. முதலாவது எளிது. கழகக் கட்டடத்தின் மாடி அறைகளை ஜூன், ஜூலை ஆகிய இரு திங்களும், விடுதி கிடைக்கும்வரை முதலாண்டு மாணவர் தங்க ஒதுக்க வேண்டும். மாணவியர்க்கு நம் உறுப்பினர் இல்லங்கள் திறக்க வேண்டும். அத்துடன் உதவித்தொகை வரும்வரை கட்டணம் கட்ட ஒரு சுழல்நிதி தேவை.

இரண்டாவது வேண்டுகோள் சிலர்க்குக் கசக்கலாம். இக்கழகத்தின் உதவி இதுவரை ஓரிரு உட்பிரிவினரின் பிள்ளைகளுக்கே பெரிதும் சென்றிருக்கின்றது என்பதை ஆண்டறிக்கைகளைப் படிப்போர் அறிவர். அருந்ததியர் பிள்ளைகளுக்கு 2009 முதல் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கின்றது. இட ஒதுக்கீடு தரும் கதவு வரை அவர்களைக் கொண்டுவந்து விடுவோர் இல்லை. நரிக்குறவர் பிள்ளைகளைப் பற்றி முன்னரே சொன்னோம். 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய சுவாமி சகஜானந்தரும், 1945இல் பம்பாயில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி மறு ஆண்டே சித்தார்த்தா கல்லூரியைத் திறந்த அண்ணல் அம்பேத்கரும் நமக்கு முன்னோடிகள் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கின்றோம். அப்படியாயின் இவ்வாண்டு சுழல்நிதியில் முதல் ஐந்து இடங்களை இவ்விரு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒதுக்கித் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ‘நமக்கே பத்தாத போது’ என்று முணுமுணுப்பு எழும் என்பது தெரியும். 1931இல் நம் பாட்டனார்க்கு வாயிலை அடைத்தவர்களும் தமக்குப் பத்தாது என்றே காரணம் சொல்லியிருப்பார்கள். தீர்மானம் இன்று பிற்பகல் பொதுக்குழுவில் வருகின்றது. உறுப்பினர்கள் கலையாமல் இருந்து வாக்களிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

மாணவச் செல்வங்களுக்கு ஓர் அறிவிப்பு. தேர்வு முடிவு வெளியான அடுத்த ஞாயிறு காலை 10 மணி முதல், கல்லூரி விண்ணப்பங்களை இணையவழியில் பதிவு செய்யும் பணி கழக அலுவலகத்தில் நடைபெறும். கட்டணம் இல்லை. சாதிச் சான்று, அவ்வாண்டிற்கு உரிய வருமானச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் மூன்று படிகளும், நான்கு புகைப்படங்களும் கொண்டு வருக. அசல்களை வீட்டிலேயே வைத்துவிட்டு வருக. தாயோ தந்தையோ ஒருவர் உடன் வர வேண்டும். வேலைக்குப் போகும் பெற்றோர்க்கு வசதியாக மாலை 8 மணி வரை அலுவலகம் திறந்திருக்கும்.